உள்ளே கை வைத்த போன்கள்

யாங்கோன்
ஆகஸ்ட் 26, 2019

சபே அக்காவுக்கு,

தண்ணீர்த் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. நான் அனுப்பும் செய்தி உன் திரையில் சிதறிக் கிடக்கும். நீ அனுப்பினால் என் திரையில் சிதறும். போனில் நீ பழைய எழுத்துருவை விடமாட்டாய், நான் புது யூனிகோடை விடமாட்டேன். அதனால் காகிதத்தில் எழுதி மின்பூ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எழுத்துதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் முதல் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுகிறது. எங்கள் கம்பெனி போன்களுக்குப் புது சிஸ்டம் தானாகவே வந்து இறங்கும். அதில் யூனிகோடு முதலிலேயே இருக்கும். யாரும் எதையும் போட வேண்டாம், எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.

இதில் எந்தப் போனும் செத்துப்போகாமல் பார்ப்பது என் வேலை. கடைக்காரர்கள் பழைய எழுத்தை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்று, மேலாகப் போடுவது. சட்டை மாற்றுவது போல, அதனால் தொல்லை இல்லை. இன்னொன்று, போனின் பூட்டை உடைத்து, உள்ளே கம்பெனி வைத்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே பெயரில் பழையதை வைப்பது. புது சிஸ்டம் வந்ததும் உள்ளே சோதனை போடும். தன் சாமான் இல்லை என்று கண்டால் அங்கேயே நின்றுவிடும். திரையில் கம்பெனிப் பெயர் மட்டும் வந்து வந்து போகும். கேபிள் மாட்டிச் சரிசெய்யும் வரை அது வெறும் செங்கல்.

மகுவே, மின்பூ பக்கம் எங்கள் போன்களில் பாதிக்கு மேல் உன் கடையிலிருந்து உன் கையால் போனவை. நீ உள்ளே கை வைத்தாயா, இல்லையா? எனக்கு இது மட்டும் தெரிய வேண்டும்.

துரெய்ன்


மின்பூ
ஆகஸ்ட் 30

தம்பி துரெய்னுக்கு,

கடிதம் வந்தது. டிரைவர் வெற்றிலைப் பெட்டிக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்ததில் ஒரு மூலை சிவந்திருக்கிறது.

"எந்தக் கடைக்கும் போக வேண்டாம்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். ஏப்ரலில் பதினோரு பேர் நிற்கும்போது என் கடையில் வைத்தே சொன்னாயே, "இந்த ஊர் எழுத்தைக் கெடுத்ததே எங்க அக்காதான்"னு. அதற்கு இது தேவலை. இதையாவது தனியாகச் சொல்லியிருக்கிறாய்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி விடுமுறையில் ஒரு சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தது யார்? "அக்கா, இதைப் போட்டா நம்ம எழுத்து வரும், பாரேன்" என்று குதித்தாய். அதற்கு முன்னால் போன் என்றாலே கட்டம் கட்டமாகத்தான் வரும். அன்றைக்கு நீ போட்டுக் கொடுத்த எழுத்தைத்தான் நான் ஊருக்கெல்லாம் போட்டேன். இப்போது துரைக்கு அது குப்பை.

நேற்று மிளகாய் மண்டி டோ சௌ யின் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மா சபே, யாங்கோன்ல இருந்து எம் பொண்ணு என்னமோ எழுதியிருக்கா. பார்த்தா புழு புழுவா நெளியுது. நல்ல சேதியா கெட்ட சேதியா, அதையாவது சொல்லு." மகளும் உன்னைப் போல மாறிவிட்டாள் போலிருக்கிறது. என் இன்னொரு போனில் மாற்றிப் படித்துச் சொன்னேன். நல்ல சேதிதான். அதைக் கேட்ட பிறகுதான் அந்த மனுஷி உட்கார்ந்தாள். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது இது தெரியுமா?

நீ கேட்டதற்குப் பதில்: மேலாகத்தான் போட்டேன். எழுதிக்கொள்.

என் பொண்ணு யூனுக்கு எட்டாம் மாதம். மாமா ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சபே ப்யூ


யாங்கோன்
செப்டம்பர் 4

அக்கா,

உன் பதிலைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மேலாளர் போன வாரமே கேட்டார், "வடக்கு ஊர்க் கடைகளுக்கு யார் பொறுப்பு?" என்று. மின்பூ வட்டாரத்துக்கு நான் என்று சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே, அங்கே உள்ளே கை வைத்த போன் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. உன் வார்த்தைதான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எல்லோருக்கும் அனுப்பும் முன்னால் வெள்ளோட்டம் உண்டு. செப்டம்பர் இருபதாம் தேதி, பாதுகாப்பானவை என்று எழுதிக் கொடுத்த வட்டாரங்களில் நூற்றில் ஐந்து போன்களுக்குப் புது சிஸ்டம் போகும். எந்த ஐந்து என்று யாருக்கும் தெரியாது, இயந்திரம் தானாகப் பொறுக்கிக்கொள்ளும். உன் ஊரும் அதில் இருக்கிறது.

ஏப்ரலில் அத்தனை பேர் முன்னால் பேசியது தப்பு. பேசிய விஷயம் தப்பில்லை, பேசிய இடம் தப்பு. இதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.

துரெய்ன்


மின்பூ
செப்டம்பர் 9

தம்பி,

வெள்ளோட்டத்தை எங்கள் ஊருக்கு மட்டும் தள்ளிப்போட முடியுமா? காரணம் கேட்காதே.

சரி, கேட்பாய். சொல்கிறேன். யூனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். உனக்குச் சொல்லவில்லை, சொல்லும் நிலையில் நாம் இல்லை. நம் ஜனங்களில் அது எவ்வளவு அரிது என்று டாக்டர் பயமுறுத்திவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தப்போக்கு இருக்கலாம், அந்த ரத்தம் உள்ள ஒருவரைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்து முன்கூட்டியே வைக்க ஆஸ்பத்திரியில் வசதி இல்லை. அக்டோபர் முதல் வாரம் தேதி.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரே ஆள்தான் இருக்கிறார். ரத்ததான சங்கத்துப் பட்டியலைத் தலைகீழாகப் பார்த்துவிட்டேன். கூலி வேலை செய்கிற கோ பௌ சா. தங்கமான மனுஷன். "போன் பண்ணுங்க மா சபே, செஞ்ச வேலையை அப்படியே போட்டுட்டு வந்துருவேன். போன் மட்டும் அடிக்கணும்" என்றார். அவர் போன் என் கடையில் வாங்கியது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உள்ளே கை வைத்த போன் நின்றுவிட்டால், அதற்கு வருகிற அழைப்பாவது மணி அடிக்குமா?

சபே


யாங்கோன்
செப்டம்பர் 12

அக்கா,

அடிக்காது. ஒன்றுமே அடிக்காது.

"ஒரு பேச்சுக்கு" என்று எழுதியிருக்கிறாய். நீ ஒரு பேச்சுக்கு எதையும் கேட்கிறவள் இல்லை. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைக்குப் பதினான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. யூனுக்குச் செய்தேன். "மாமா, எப்ப வர்றீங்க? அம்மா உங்களைத் திட்டுறதை நிறுத்திட்டாங்க, எனக்கு அதான் பயமா இருக்கு" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரே வரி எழுது. கை வைத்தேன், அல்லது வைக்கவில்லை. பதினேழாம் தேதி பஸ்ஸில் வந்தால்கூட நிறுத்த நேரம் இருக்கிறது. நான் திட்டமாட்டேன். பஸ் நிலையத்தில் தினமும் காலை வந்து நிற்பேன்.

துரெய்ன்


மின்பூ
செப்டம்பர் 23

தம்பி,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதியே வந்தது. பத்து நாள் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் கை பட்டது.

கை வைத்தேன்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று போன்கள். மேலாகப் போட்டால் ஒரு மாதம்கூட நிற்காது, எதையாவது அமுக்கிக் கலைத்துவிடுவார்கள். எள்ளுக்காட்டிலிருந்து அரை நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி என்னிடம் வருவார்கள். அவர்களை அலையவிட மனமில்லாமல் உள்ளேயே வைத்துக் கொடுத்தேன். அது வரை சரி. ஆனால், "போனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் "ஒண்ணும் ஆகாது" என்றேன். அது சரியில்லை. நீ கேட்டபோதும் அதையே சொன்னேன். பதினோரு பேர் முன்னால் என்னைத் தாழ்த்திய உன்னிடம், ஆமாம் நீ சொன்னது சரிதான் என்று எப்படி எழுதுவது? வீம்பு. வேறு காரணம் இல்லை.

இருபதாம் தேதி காலையில் கடை திறக்கும் முன்பே இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். கம்பெனிப் பெயர் வருகிறது, போகிறது, வருகிறது. உடனே கோ பௌ சாவுக்குப் போன் போட்டேன். முந்தின நாள் மாலை மணி அடித்த போன். அன்றைக்கு அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் அவர் ஊருக்குப் போனேன். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள், அவர் அண்ணன் மட்டும் இருந்தார். "எள்ளு அறுக்கப் போயிருக்கான். எந்த ஊருன்னு தெரியலையே. போன்தான் இருக்கேன்னு யாரும் கேட்டுக்கலை" என்றார்.

மூன்று நாளாக ஒவ்வொரு எள்ளுக்காடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யூனிடம் எதையும் சொல்லவில்லை. அவள் கால் வீங்கியிருக்கிறது.

இதனுடன் ஒரு நோட்டு இருக்கிறது. நான் பூட்டை உடைத்த ஒவ்வொரு போனின் பதினைந்து இலக்க எண்ணும் வாங்கியவர் பெயரும் அதில் உண்டு. திருடன்கூடத் திருடியதை எழுதி வைக்கமாட்டான், நான் எழுதி வைத்தேன். ஏதாவது ஆனால் எது என்னுடையது என்று தெரிய வேண்டுமே என்று. இதை வைத்து மற்றப் போன்களையாவது காப்பாற்ற முடியுமா? அதைக் காட்டினால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்புகிறேன்.

சபே


யாங்கோன்
செப்டம்பர் 26

அக்கா,

நோட்டை மேலாளர் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். "அக்கான்னுதானே கையெழுத்துப் போட்டே?" என்றார். "ஆமா." "வேற எந்தக் கடையா இருந்தாலும் பத்துப் போனைப் பிரிச்சுப் பார்த்திருப்பே இல்ல?"

உன் எண்களை நானும் உடன் வேலை செய்கிற ஒரு பெண்ணும் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினோம். உன் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கிறது, சிறு வயதிலிருந்து சொல்கிறேன். உன் பட்டியலில் உள்ள போன்களுக்கு அக்டோபர் முதல் தேதி எதுவும் போகாது. சரிசெய்த பிறகுதான் போகும். இருபதாம் தேதி மாட்டிக்கொண்டவை ஐம்பத்தெட்டு. கோ பௌ சாவின் போன் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் தேதியிலிருந்து புகார் சொல்கிறவர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு லீவும் கிடையாது.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீ பதில் போடாவிட்டாலும் மேலாளரிடம் போய், "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லியிருக்கலாம். எட்டு நாள் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றேன். நீ வீம்பு பிடித்தாய், நான் பயந்தேன். நடுவில் யூன் மாட்டிக்கொண்டாள்.

இந்தப் பொட்டலத்தில் கேபிளும் ஒரு பென்டிரைவும் இருக்கின்றன. செய்கிற முறையை எழுதியிருக்கிறேன். ஒரு போனுக்கு இருபது நிமிஷம். உள்ளே உள்ள பெயர்கள், படங்கள் எதுவும் அழியாது.

ஒன்றை மட்டும் நான் உனக்காகச் செய்யமாட்டேன். நீ செய்ததை ஊருக்கு நீதான் சொல்ல வேண்டும். காதும் காதும் வைத்த மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிசெய்தால் மாதக்கணக்கில் ஆகும். வாசலில் எழுதி வை. கொட்டை எழுத்தில் எழுது.

அவரைக் கண்டுபிடி, அக்கா.

துரெய்ன்


மின்பூ
அக்டோபர் 13, பௌர்ணமி

தம்பி துரெய்னுக்கு,

நாலாம் தேதி போனில் ஒரு நிமிஷம்தான் பேசினோம், அதிலும் பாதி அழுகை. அதனால் எல்லாவற்றையும் முறையாக எழுதுகிறேன்.

உன் பொட்டலம் வந்த அன்றே கடைக் கதவில் அட்டை கட்டினேன். "உங்கள் போனின் பூட்டை உடைத்து உள்ளே கை வைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. இலவசமாகச் சரிசெய்து தருகிறேன். கோ பௌ சா எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சபே ப்யூ." எழுதும்போது கை நின்று நின்று போனது. கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் வந்தது டோ சௌ யின். அட்டையை வாய்விட்டுப் படித்தாள். "எட்டு வருஷமா உன் கையில குடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னியாடி?" என்று போனை மேசையில் எறிந்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். ஒரு தட்டு ஊறவைத்த லபே தேயிலையும் கொண்டுவந்திருந்தாள். "கூட்டம் அதிகமாயிருக்கு, நீ போனைப் பாரு, வரிசையை நான் பார்த்துக்கறேன்" என்று வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் என் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னாள். ஒவ்வொருவரும் திட்டினார்கள், பிறகு வரிசையில் உட்கார்ந்தார்கள். போகும்போது ஒவ்வொருவரிடமும் கோ பௌ சா பெயரைச் சொல்லி அனுப்பினேன். இருபத்தொன்பதாம் தேதி வரை ஒரு தகவலும் இல்லை.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வாசலில் பெரிய சத்தம். "எங்க அந்த மா சபே? பத்து நாளா எம் பொண்டாட்டிகிட்ட பேசலை. நான் ஓடிப்போயிட்டேன்னு அவ அழுதுட்டுக் கிடக்காளாம். இந்தப் பாழாப்போன போனுக்கு என்னம்மா பண்ணித் தொலைச்சே?" எள்ளுக்காட்டு மண் ஒட்டிய காலோடு, பிளாஸ்டிக் பையில் செத்த போனோடு, கோ பௌ சா. நாலு ஊர் தள்ளி, அட்டையைப் பார்த்த யாரோ யாரிடமோ சொல்லி, அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கிறது. என்னைத் திட்டத்தான் வந்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகைதான் வந்தது. அவர் பயந்துவிட்டார். "சரி சரி, அழாதீங்க. போன்தானே" என்றார்.

இப்போது இன்னொரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அவர் மனைவியிடம் என் போனில் பேசவைத்தேன். ஆனால் அவர் போனை உடனே சரிசெய்யவில்லை. இருபது நிமிஷ வேலை, நாலு நாள் இழுத்தேன். "கேபிள் வரலை", "கரண்ட் சரியில்லை", "நாளைக்கு." போனைக் கொடுத்தால் எள்ளுக்குப் போய்விடுவார் என்று பயம். மீன் குழம்பும் சோறுமாகப் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "மா சபே, கேபிள் அந்த டிராயர்ல இருக்கு. முத நாளே பார்த்துட்டேன். பாப்பா பொறக்கற வரைக்கும் இருன்னு வாயைத் திறந்து கேட்டா இருக்கமாட்டேனா?" எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து கேட்பது எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, துரெய்ன்?

நாலாம் தேதி விடிந்ததும் யூனுக்கு வலி எடுத்தது. எட்டரைக்குக் குழந்தை வந்தது. ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து என் பின்னால் பார்த்தாள், ஆள் இருக்கிறாரா என்று. கோ பௌ சா அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த ஒரு பை இல்லாவிட்டால் என்று டாக்டர் தொடங்கினார், போதும் சொல்லாதீர்கள் என்றேன். இன்றைக்கு யூன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

பெண் குழந்தை. உன்னைப் போல வெள்ளிக்கிழமை பிறந்ததால், கிழமை வழக்கப்படி பெயருக்கும் உன் முதல் எழுத்துதான். துஸா என்று வைத்திருக்கிறோம். உன்னைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

போன்கள் இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்தன. என்னுடையதையும் மாற்றிவிட்டேன். நீ ஏப்ரலிலிருந்து அனுப்பியிருந்த செய்திகளெல்லாம் ஒரே நாளில் தெளிந்து வரிசையாக நின்றன. மே மாதம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். எனக்கு அது புழுவாகத்தான் நெளிந்தது, திட்டுகிறாய் என்று நினைத்து இன்னொரு போனில் மாற்றிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று வாசலில் விளக்கு வைத்திருக்கிறோம். ஊரில் சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து, உடம்பாலும் வாயாலும் மனசாலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லும் நாள். லீவு இருந்திருந்தால் நீ வந்து என் முன்னால் மண்டியிட்டிருப்பாய், நான் பெரிய மனுஷி மாதிரி ஆசி சொல்லியிருப்பேன். இந்த வருஷம் அது முறையாகாது. ஆனால் அக்கா தம்பியின் காலில் விழ நம் வழக்கத்தில் இடமில்லை, டோ சௌ யினிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன்.

அதனால் எழுதுகிறேன். என் பொய்யை நம்பிக் கையெழுத்துப் போட்டாயே, என்னை மன்னித்துவிடு.

போனில் அனுப்பியிருக்கலாம், இப்போது ஒழுங்காகத் தெரியும். வேண்டுமென்றேதான் கையால் எழுதினேன். எழுத்து சிதறிவிட்டது என்று நீ சொல்ல முடியாது. நான் எழுதவே இல்லை என்று நானும் சொல்ல முடியாது.

அக்கா
சபே ப்யூ